அண்ணனோட டிஸபிலிட்டி பென்ஷன் ரிஜெக்ட் ஆகி வருஷமாச்சு, இனிமே வழி இருக்கா? (ஏற்காடு)

காப்பித்தோட்டம்85
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க ஏற்காட்டுல நாகலூர் பக்கம். எங்க அண்ணன் ஆர்டிலரில 24 வருஷம் இருந்துட்டு 2021ல ஹவில்தாரா வெளிய வந்தார். நடுவுல ராஷ்ட்ரிய ரைபிள்ஸ்க்கு (காஷ்மீர்ல தீவிரவாதத்துக்கு எதிரா நிக்கற படைப்பிரிவு) அனுப்பி ரஜோரி பக்கம் போட்டிருந்தாங்க, அங்க ராத்திரி பேட்ரோல் போறப்போ ஈரப்பாறைல வழுக்கி விழுந்து வலது முட்டி லிகமென்ட் அறுந்து போச்சு. ஆபரேஷன் ஆச்சு, அதுல இருந்து கடைசி வரைக்கும் லோ மெடிக்கல் கேட்டகிரிதான், அதாவது உடம்பு முழு தகுதில இல்லைன்னு ராணுவம் போடற தரம். அதுபோக காது ரெண்டும் மந்தம், பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் ரெண்டாவது தடவைதான் திரும்புவார், பீரங்கி பக்கத்துல நின்ன ஆளு வேற எப்படி இருப்பார்.

வெளிய வர்றப்போ டாக்டர்ங்க குழு பார்க்கற ரிலீஸ் மெடிக்கல் போர்டுல முட்டிக்கு 20, காதுக்கு 20, ரெண்டும் சேர்த்து 40 பர்சென்ட் ஊனம்னு போட்டுட்டு, ஆனா ரெண்டுமே சர்வீஸால வந்ததும் இல்ல, சர்வீஸால கூடுனதும் இல்லன்னு எழுதிட்டாங்க. 2022ல ரெக்கார்ட் ஆபீஸ்ல இருந்து ஒரு பக்க லெட்டர் வந்துச்சு, க்ளைம் ரிஜெக்ட், ஆறு மாசத்துல அப்பீல் பண்ணலாம்னு. அண்ணன் அதை மடிச்சு டிரங்க் பொட்டில போட்டவர்தான், எங்ககிட்ட சொல்லவே இல்ல. போன மாசம் பொட்டிய கிளறுனப்போதான் நான் பார்த்தேன். கேட்டா "விடுறா, சர்வீஸ் பென்ஷன் வருதுல்ல"ங்கறார். மலைக்காடு மேடும் பள்ளமும், மிளகு பறிக்க ஏணி ஏற முடியல, ஆள் வெச்சுதான் பறிக்கிறோம்.

கீழ டவுன்ல ஒருத்தர் "நான் வாங்கித் தரேன், அரியர்ஸ்ல முப்பது பர்சென்ட் குடுத்துடுங்க"ன்றார். நம்பலாமா? ஆறு மாசம் தாண்டிப் போச்சே, இன்னும் வழி இருக்கா?

ஆத்தூர் ஹவில்தார்
தம்பி, முதல்ல அந்த முப்பது பர்சென்ட் ஆளுக்கு ஒரு கும்புடு போட்டு அனுப்பி வைங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்து, ஏடிஎம் கார்டு, ஸ்பார்ஷ் (பென்ஷன் வெப்சைட்) பாஸ்வேர்டு எதுவும் யாருக்கும் குடுக்காதீங்க. நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்கு ஒரு ஆள் இப்படி இருக்கான், பாவம் பாதி பட்டாளத்துக்காரங்களுக்கு அது சொந்தமா பண்ணிக்கக்கூடிய வேலைன்னே தெரியாது.

வழி இருக்கு. நானும் சிக்னல்ஸ்ல இருந்து வந்தவன்தான், இடுப்பு டிஸ்க்குக்கு வாங்கிட்டு இருக்கேன். ரிஜெக்ட் லெட்டர் வந்தா அண்ணன் மாதிரி பொட்டில போடற ஆளுங்கதான் ஜாஸ்தி. மேல இருந்து வந்த பேப்பர்னா அதுக்கு மறுபேச்சு இல்லைன்னு சர்வீஸ் பூரா பழகிடுறோம்ல.

முதல் வேலை, ரிலீஸ் போர்டு ப்ரொசீடிங்ஸ் முழுசா கைல இருக்கா பாருங்க. அந்த ஒரு பக்க லெட்டர் இல்ல, போர்டோட முழு பாரம், ஏஎஃப்எம்எஸ்எஃப் 16னு மேல போட்டிருக்கும்.

காப்பித்தோட்டம்85
அது இல்லைங்கண்ணா. டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆர்டர்), அப்புறம் ஒரு பழைய கேட்டகிரி போர்டு பேப்பர் மங்கலா ஒண்ணு இருக்கு. அவ்வளவுதான்.

ஓமலூரான்
யாரும் கோச்சுக்காதீங்க, மனசுல பட்டத சொல்றேன். 24 வருஷம் முழுசா பண்ணி, முழு பென்ஷன், ஈசிஎச்எஸ் வைத்தியம், கேன்டீன் எல்லாம் இருக்கு. இதுல டிஸபிலிட்டியும் வேணுமா? எங்க தெருவுலயே ஒருத்தர் தினம் காலைல ஏழு கிலோமீட்டர் நடக்கறார், பிபிக்கு டிஸபிலிட்டி வாங்கறார். சிவில்ல இருக்கற எங்களுக்கும்தான் பிபி, சுகர் எல்லாம் இருக்கு, எங்களுக்கு யார் குடுக்கறா?

வாழப்பாடி அக்கா
ஓமலூர் தம்பி, பென்ஷன் அவரு வேலை பார்த்ததுக்கு. இது அவரு உடம்புல போனதுக்கு. ரெண்டும் வேற வேற கணக்கு. எங்க வீட்டுக்காரரோட தோள்பட்டைய நீங்க வந்து ஒரு நாள் தூக்கி மாட்டி விடுங்க, அப்புறம் பேசலாம்.

ஆத்தூர் ஹவில்தார்
😀 அக்கா அடிச்சு விட்டீங்க.

ஓமலூரான், சட்டமும் அக்கா சொன்னபடிதான் பிரிச்சு வெச்சிருக்கு. உடம்பு முடியாம பாதில அனுப்பிட்டா சர்வீஸ் எலிமென்ட் (வேலை பார்த்ததுக்கு), டிஸபிலிட்டி எலிமென்ட் (ஊனத்துக்கு) ரெண்டும் சேர்ந்தது டிஸபிலிட்டி பென்ஷன். முழு காலமும் முடிச்சு லோ மெடிக்கல் கேட்டகிரில வெளிய வந்தவருக்கு சர்வீஸ் பென்ஷனோட மேல டிஸபிலிட்டி எலிமென்ட் மட்டும். ரெண்டு கண்டிஷன்: 20 பர்சென்டுக்கு குறையக்கூடாது, சர்வீஸால வந்திருக்கணும் இல்ல சர்வீஸால கூடியிருக்கணும். தானா கேட்டு முன்கூட்டியே வந்தவங்களுக்கும் 2009 ஆர்டருக்கு அப்புறம் இது உண்டு, இது நிறைய பேருக்கு தெரியாது, "நீயாதானே வந்தே"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க.

நர்சிங் அசிஸ்டன்ட் ஓய்வு
நான் ஏஎம்சில, ராணுவ மருத்துவப் பிரிவுல இருந்தவன், இப்போ அஸ்தம்பட்டி. போர்டு ரூம்ல பேப்பர் அடுக்கி வெச்ச ஆளுன்னு வெச்சுக்கங்க, அதனால அந்தப் பக்கத்துல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன்.

ஓமலூரான் சொல்றதுல ஒரு சின்ன உண்மை இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். வெளிய போற வருஷத்துல திடீர்னு பிபி, சுகர்னு வர்ற ஆளுங்க உண்டு. அந்த சந்தேகம் டாக்டர்ங்க மனசுலயும் உக்காந்துடுச்சு, அதனால ஒரு கட்டத்துக்கு மேல எல்லாருக்கும் ஒரே வரிய எழுத ஆரம்பிச்சுட்டாங்க, பீஸ் ஸ்டேஷன்ல (சண்டை இல்லாத இடம்) ஆரம்பிச்சது, சர்வீஸுக்கு சம்பந்தம் இல்ல, முடிஞ்சது. நிஜமா பாறைல விழுந்தவனுக்கும் அதே வரி. 

போர்டு முன்னாடி இருக்கற டாக்டர் அந்த ஆள அன்னைக்குத்தான் முதல் தடவை பார்க்கறார். பாறைல விழுந்தத அவரு பார்க்கல. பைல்ல இன்ஜுரி ரிப்போர்ட் இருந்தா, அதுல சிஓ (யூனிட் கமாண்டர்) "ஆன் டியூட்டி"ன்னு கையெழுத்து போட்டிருந்தா, அட்ரிப்யூட்டபிள், அதாவது சர்வீஸால வந்ததுன்னு எழுதிடுவார். பேப்பர் இல்லைன்னா வேண்டாம்னுதான் எழுதுவார். பதினஞ்சு பேர் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பாங்க, ஒவ்வொருத்தர் கதையும் கேட்க நேரம் எங்க இருக்கு.

தம்பிகிட்ட ஒரு கேள்வி. அண்ணன் விழுந்தப்போ ராஷ்ட்ரிய ரைபிள்ஸ்ல இருந்தார்னு சொன்னீங்க. அப்போ இன்ஜுரி ரிப்போர்ட் அந்த பட்டாலியன்ல போட்டிருப்பாங்க, ஐஏஎஃப்ஒய் 2006 அந்த பாரம் பேரு. அவர் டென்யூர் முடிஞ்சு சொந்த ரெஜிமென்டுக்கு திரும்பி வந்தப்போ அந்த பேப்பர் கூட வந்துச்சா? இங்கதான் முக்கால்வாசி கேஸ் விழுது. ஆள் திரும்பி வந்துடுவான், பேப்பர் மலைமேலயே தங்கிடும்.

காப்பித்தோட்டம்85
அண்ணன்கிட்ட கேட்டேன். அவருக்கு இன்ஜுரி ரிப்போர்ட்னு ஒண்ணு போட்டதே ஞாபகம் இல்ல. ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு போனாங்க, அப்புறம் உதம்பூர்ல பெட்ல இருந்தேன், அதுக்கப்புறம் சிக் லீவ்ல வீட்டுக்கு வந்தேன்னு மட்டும் சொல்றார். அந்த சிக் லீவ் எனக்கும் ஞாபகம் இருக்கு, சேர்வராயன் கோயில் திருவிழா மே மாசம், ரெண்டு கட்டையோட வந்து கூட்டத்துல நிக்க முடியாம காருக்குள்ளயே உக்காந்து சாமி கும்பிட்டார்.

அந்த மங்கலான கேட்டகிரி பேப்பர்ல 'ஏஎஃப்எம்எஸ்எஃப் 15'னு இருக்கு. அட்ரிப்யூட்டபிளான்னு கேட்கற இடத்துல ஏதோ பேனால எழுதிருக்கு, வெளிச்சத்துல பிடிச்சு பார்த்தா "இன்ஜுரி ரிப்போர்ட் அவெய்ட்டட்"னு படுது. இடம், தேதி எல்லாம் தெளிவா இருக்கு, பேட்ரோல்ல விழுந்ததுன்னும் இருக்கு.

நர்சிங் அசிஸ்டன்ட் ஓய்வு
தம்பி அந்த பேப்பர இப்பவே நாலு காப்பி எடுங்க, போட்டோவும் எடுத்து வைங்க. மழைக்காலத்துல மலை வீட்ல பேப்பர் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

அது சும்மா பேப்பர் இல்ல. விழுந்த சில மாசத்துலயே ஒரு மெடிக்கல் போர்டு "பேட்ரோல்ல விழுந்தார், ரிப்போர்ட் வரணும்"னு எழுதிருக்கு. ரிப்போர்ட் வரலைன்னா அது அனுப்ப வேண்டியவங்க வேலை, உங்க அண்ணன் என்ன பண்ணுவார், அவரே ஸ்ட்ரெச்சர்ல இருந்தவர். இவ்வளவு வருஷம் கழிச்சு ரிலீஸ் போர்டு சம்பந்தமே இல்லைன்னு எழுதுனா, அந்த பழைய பேப்பர ஏன் மீறுனீங்கன்னு கேட்க உங்களுக்கு இடம் இருக்கு.

மேட்டூர் டேம்
நடுவுல பூந்ததுக்கு மன்னிக்கணும். எங்க அக்கா பையன் அக்னிவீரா போயிருக்கான், ட்ரெயினிங் முடிஞ்சு யூனிட்ல இருக்கான். அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா இதெல்லாம் கிடைக்குமா?

ஆத்தூர் ஹவில்தார்
கிடைக்காதுங்க. அக்னிவீருக்கு பென்ஷனே கிடையாது, அதனால டிஸபிலிட்டி எலிமென்ட்ங்கற பேச்சும் இல்ல. சர்வீஸால வந்த ஊனம்னா ஒரு தடவை மொத்தமா குடுக்கறாங்க, 100 பர்சென்டுக்கு 44 லட்சம், 75க்கு 25 லட்சம், 50க்கு 15 லட்சம். பார்க்க பெரிய தொகைதான், ஆனா இருபது இருபத்தோரு வயசுல கால் போன பையனுக்கு அதுக்கப்புறம் நாப்பது அம்பது வருஷ வாழ்க்கை இருக்கு. பையன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க, விளையாடும்போது விழுந்தாக்கூட எம்ஐ ரூம்ல (யூனிட் டாக்டர் பார்க்கற இடம்) பதிவு பண்ணாம வரக்கூடாது. "சின்ன வலிதானே சாப்"னு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு விட்டா பின்னாடி ஒரு சாட்சியும் இருக்காது. யூனிட் நடத்தற வாலிபால், ஹாக்கி இதுல அடிபட்டாலும் டியூட்டி கணக்குலதான் வரும்.

வாழப்பாடி அக்கா
பேப்பர்னு சொன்னதும் எங்க கதைய சொல்லாம இருக்க முடியல. எங்க வீட்டுக்காரர் லீவ் முடிஞ்சு திரும்பிப் போற அன்னைக்கு, டிரங்க் பெட்டியோட ஜங்ஷனுக்கு ஆட்டோல போறப்போ லாரி இடிச்சு தோள்பட்டை நொறுங்கிப் போச்சு. ரிஜெக்ட் லெட்டர்ல என்ன காரணம் தெரியுமா, "லீவ்ல இருந்தப்போ நடந்த விபத்து". நானும் அப்படித்தான் நெனச்சு அழுதுட்டு இருந்தேன். அப்புறம் ஒரு ரிட்டயர்ட் சுபேதார் சாப்தான் சொன்னார், லீவ்ல ஊர்ல சுத்தறப்போ விழுந்தா வேற, யூனிட்டுக்கு திரும்பிப் போற வழில விழுந்தா வேற, வழி டியூட்டிதான்னு.

நான் அன்னைக்கு டிக்கெட்ட தூக்கிப் போடல. லீவ் சர்டிபிகேட்டு, டிக்கெட்டு, கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஏஆர் (விபத்துப் பதிவு) காப்பி, போலீஸ் எஃப்ஐஆர், எல்லாம் ஒரு மஞ்சப்பைல சாமி ரூம்ல வெச்சிருந்தேன். அதுதான் காப்பாத்துச்சு. ரெண்டாவது அப்பீல்ல ஒத்துக்கிட்டாங்க. இப்ப வருது.

சட்டப்புள்ளி
அக்கா சொன்னது சரி. சுப்ரீம் கோர்ட் 1999ல மதன் சிங் ஷெகாவத் கேஸ்ல சொல்லிருக்கு, லீவ்ல வீட்டுக்கு போற வழியும் டியூட்டிதான், அரசு செலவுல டிக்கெட் எடுத்தாதான்னு அந்த விதிய குறுக்கிப் படிக்கக்கூடாதுன்னு. ஆனா ஊர்ல லீவ்ல இருக்கறப்போ சொந்த வேலையா பைக்ல போய் விழுந்தா கிடைக்காது, 2011ல ஜுஜார் சிங் கேஸ்ல அதுவும் தீர்த்து சொல்லிட்டாங்க. இதுல பொய் சொல்ல போனா எஃப்ஐஆர் டைம், இடம் எல்லாம் காட்டிக் குடுத்துடும்.

நான் சேலத்துக்காரன்தான், சென்னைல ஆர்ம்டு போர்சஸ் ட்ரிப்யூனல்ல (பட்டாளத்துக்காரங்க கேஸ கேட்கற தீர்ப்பாயம்) வக்கீலா ப்ராக்டிஸ். காப்பித்தோட்டம் தம்பி கேஸ இப்பதான் மேல இருந்து முழுசா படிச்சேன். கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஆறு மாசம் போச்சேன்னு பயப்படாதீங்க. முதல் அப்பீல் லேட்டா போடலாம், ஏன் லேட்டுன்னு காரணம் எழுதி. அதை ஏத்துக்கிட்டாலும் சரி, தள்ளிட்டாலும் சரி, உங்க கைல ஒரு ஆர்டர் வரும். முதல் அப்பீல் கமிட்டி, அதுக்கு மேல ரெண்டாவது அப்பீல் கமிட்டி. அப்பீல் போட்டு ஆறு மாசம் வரைக்கும் பதிலே இல்லைன்னா, அதுக்கப்புறம் நேரா ஆர்ம்டு போர்சஸ் ட்ரிப்யூனல் போகலாம், 2007 சட்டத்துலயே அப்படி இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு சென்னை பெஞ்ச்.

லேட் ஆனதால என்ன நஷ்டம்னா அரியர்ஸ்தான். பென்ஷன்ங்கறது மாசாமாசம் மறுபடி மறுபடி நடக்கற பாதிப்பு, அதனால உரிமை சாகாது, ஆனா கேஸ் போட்ட தேதிக்கு முன்னாடி மூணு வருஷத்துக்குத்தான் பாக்கி குடுப்பாங்க. 2008ல தர்சேம் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதனால ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடறதும் ஒரு மாசக் காசு போறதுதான். அண்ணன்கிட்ட இதை மட்டும் சொல்லுங்க, கையெழுத்து போட்டுடுவார்.

இன்னொன்னு. அண்ணன் 2021ல வெளிய வந்தவர்ங்கறதால அவருக்கு 2008 என்டைட்டில்மென்ட் ரூல்ஸ்தான், யாருக்கு உரிமை உண்டுன்னு சொல்ற விதிகள். 2023 செப்டம்பர் 21ல இருந்து புது ரூல்ஸ் வந்திருக்கு, அதுல சர்வீஸ் முழுசா முடிச்சு வர்றவங்களுக்கு டிஸபிலிட்டி எலிமென்ட்ங்கற பேரையே எடுத்துட்டு இம்பேர்மென்ட் ரிலீஃப்னு வெச்சுட்டாங்க. யாராவது அந்த புது ரூல்ஸ காட்டி உங்கள பயமுறுத்துனா நம்பாதீங்க, அது அந்த தேதிக்கு அப்புறம் வெளிய வர்றவங்களுக்கு.

பழைய ரூல்ஸ்ல நிரூபிக்கற பொறுப்பு சாதாரணமா பட்டாளத்துக்காரன் மேல இல்ல. ஆனா வெளிய வந்து 15 வருஷம் தாண்டி, ஆவணமெல்லாம் அழிச்சதுக்கு அப்புறம் க்ளைம் பண்ணா அந்த பொறுப்பு உங்க தலைல வந்துடும். உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு. வெளிய வந்து 15 வருஷத்த நெருங்கிட்டு இன்னும் யோசிச்சுட்டு இருக்கற ஆளுங்க இதைப் படிச்சா தயவுசெஞ்சு எழுந்திருங்க.

ஓமலூரான்
வக்கீல் சார், அப்போ யார் வேணா வந்து கேட்டா குடுத்துடணுமா? டாக்டர் போர்டு சொன்னதுக்கு மதிப்பே இல்லையா?

சட்டப்புள்ளி
மதிப்பு உண்டு, காரணம் எழுதியிருந்தா. 2013ல தரம்வீர் சிங் கேஸ் இருக்கு, அவரும் சிக்னல்ஸ், 1985ல சேர்ந்தவர், ஒன்பது வருஷத்துல வலிப்பு வருதுன்னு 20 பர்சென்ட் போட்டு அனுப்பிட்டாங்க, பென்ஷன் இல்லைன்னுட்டாங்க. சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, சேர்க்கும்போது நீங்கதான் முழுசா செக் பண்ணி நல்லா இருக்கான்னு எடுத்தீங்க, அப்போ இந்த வியாதி இருந்ததா எங்கயும் குறிப்பு இல்ல, பின்னாடி வந்துச்சுன்னா சர்வீஸால வந்ததாத்தான் எடுத்துக்கணும், இல்லைன்னு சொல்ற போர்டு ஏன் இல்லைன்னு காரணம் எழுதணும். அதுக்கப்புறம் ராஜ்பீர் சிங் கேஸ்லயும் அதே வழி. 

இது உடம்பு முடியாம பாதில அனுப்புன கேஸ்கள்ல வந்த தீர்ப்பு, அண்ணன் முழு காலமும் முடிச்சவர், அதனால அரசு வக்கீல் "அது வேற இது வேற"ன்னு வாதாடுவார், அதையும் சொல்லிடறேன். அதனாலதான் உங்க கேஸ்ல அந்த பழைய ஏஎஃப்எம்எஸ்எஃப் 15 எனக்கு தீர்ப்ப விட பெருசா தெரியுது.

ஓமலூரான், உங்க தெருவுல நடக்கறவர பத்தி எனக்கு தெரியாது. பிபி உள்ளவர நடக்கச் சொல்றதே டாக்டர்தான்.

ஆத்தூர் ஹவில்தார்
சார் ஒரு டவுட். ரஜோரில பேட்ரோல், ஆபரேஷன் ஏரியா. அப்போ இது சாதா டிஸபிலிட்டி இல்லையே, வார் இன்ஜுரிலல்ல வரணும்? 2001 ஆர்டர்ல ஏ, பி, சி, டி, ஈன்னு பிரிச்சிருக்கு, அரசு நோட்டிஃபை பண்ண ஆபரேஷன்ல நடந்தா ஈ தானே. என்கூட இருந்த ஒருத்தருக்கு அப்படித்தான் வருது, சாதா ரேட்ட விட ரொம்ப ஜாஸ்தி.

சட்டப்புள்ளி
கேட்கலாம், நல்ல பாயின்ட்தான். டியூட்டில நடந்த விபத்துன்னா சி. தீவிரவாதிங்க தாக்குதல் மாதிரி டி. போர், எல்லை மோதல், நோட்டிஃபை ஆன ஆபரேஷன் ஈ. பேட்ரோல்ல வழுக்கி விழுந்தது சி-யா ஈ-யான்னு ட்ரிப்யூனல்ல வாதாட இடம் இருக்கு. ஆனா என் அனுபவத்துல, முதல் வரிலயே வார் இன்ஜுரின்னு கேட்டு சண்டைய பெருசாக்குனா, சுலபமா கிடைக்கற சி-யும் சேர்ந்து இழுக்கும். மாற்றுக் கோரிக்கையா வைக்கணும்: ஈ குடுங்க, இல்லைன்னா சி-யாவது குடுங்கன்னு.

ஆத்தூர் ஹவில்தார்
எனக்கு அதுல உடன்பாடு இல்ல சார். குறைச்சு கேட்டா குறைச்சுதான் குடுப்பாங்க. பாறைல வழுக்குனான்னா அங்க அவன் காப்பி பறிக்கவா போனான்? துப்பாக்கிய தூக்கிட்டு ராத்திரில போனான். சரி விடுங்க, அது உங்க தொழில்.

காப்பித்தோட்டம்85
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்போ இப்ப நான் என்ன பண்ணணும்? ஆர்டிஐ போடணும்னு யாரோ சொன்னாங்க. அப்புறம் கேட்கக்கூடாது, ஆனா வீட்ல கேட்கறாங்க, மாசம் எவ்வளவு வரும்?

நர்சிங் அசிஸ்டன்ட் ஓய்வு
ஆர்டிஐ அண்ணன் பேர்லயே, அண்ணன் கையெழுத்துலயே போடுங்க. உங்க பேர்ல போட்டா மூணாவது ஆளோட மெடிக்கல் ரெக்கார்டுன்னு தள்ளிடுவாங்க. பத்து ரூபாதான், ஆன்லைன்லயும் போடலாம், முப்பது நாள்ல பதில் தரணும். ரெக்கார்ட் ஆபீஸ் தகவல் அதிகாரிக்கு: ரிலீஸ் போர்டு ப்ரொசீடிங்ஸ் முழுசா, எல்லா கேட்டகிரி போர்டும், சேர்றப்போ எடுத்த மெடிக்கல், இன்ஜுரி ரிப்போர்ட், கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவ விசாரணை) நடந்திருந்தா அது, அப்புறம் அந்த சமயத்து பார்ட் டூ ஆர்டர் (ஆளோட விவரத்த யூனிட் பதியற ஆர்டர்). "என் எல்லா டாக்குமென்டும் குடுங்க"ன்னு பொதுவா எழுதாதீங்க, பேர் சொல்லிக் கேளுங்க. காதுக்கு, சேர்றப்போ எடுத்த மெடிக்கல்ல கேட்கும் திறன் நல்லா இருந்ததுன்னு இருக்கும், அதான் உங்களுக்கு வேணும். கன்னர் காது போனது வயசால்னு எழுதுனா அதை படிக்கற எவனுக்கும் சிரிப்புதான் வரும், ஆனா சிரிச்சா போதாது, பேப்பர் வைக்கணும்.

அந்த ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் பட்டாலியனுக்கும் தனியா ஒரு லெட்டர் போடுங்க. அவங்க கைல காப்பி இல்லைன்னு பதில் வந்தாலும் அந்த பதில பத்திரமா வைங்க. ரிப்போர்ட் தொலைஞ்சது அவங்க பக்கம்தான்னு காட்ட அதுவும் உதவும்.

கூட விழுந்தப்போ இருந்தவங்க யாராவது தொடர்புல இருக்காங்களா? வாட்ஸ்அப் குரூப் இருக்குமே பேட்ச்மேட்ஸ்லாம். ரெண்டு பேர் அபிடவிட் குடுத்தா நல்லது.

சட்டப்புள்ளி
காசு கணக்கு: கடைசியா வாங்குன பே, அதுல மிலிட்டரி சர்வீஸ் பே எல்லாம் சேர்த்து, அதுல 30 பர்சென்ட்தான் 100 பர்சென்ட் ஊனத்துக்கான எலிமென்ட். கணக்குக்கு 50,000னு வெச்சுக்குவோம். 100க்கு 15,000. 40க்கு 6,000. ஆனா ரவுண்டிங் இருக்கு, பிராட் பேண்டிங்ன்னு சொல்லுவாங்க, 50க்கு கீழ இருந்தா 50ஆ எடுத்துக்கணும், அதுக்கு மேல 75, அப்புறம் 100. முதல்ல பாதில அனுப்புனவங்களுக்கு மட்டும்தான்னு சொல்லிட்டு இருந்தாங்க, 2014 டிசம்பர்ல ராம் அவதார் கேஸ்ல முழு காலம் முடிச்சவங்களுக்கும் உண்டுன்னு ஆயிடுச்சு. அப்போ 7,500, அது மேல டிஆர் (அகவிலை நிவாரணம்) தனியா. மூணு வருஷ பாக்கின்னா டிஆர் இல்லாமலே ரெண்டே முக்கால் லட்சத்துக்கு கிட்ட. அந்த டவுன் ஆளு முப்பது பர்சென்ட் ஏன் கேட்டான்னு இப்ப புரியுதா?

அப்பீல்ல ரவுண்டிங்கையும் எழுத்துல கேளுங்க. கேட்கலைன்னா 40லயே நிறுத்தி பிபிஓ போட்டு, அதுக்கு தனியா இன்னொரு கேஸ்னு அலைய விட்டுடுவாங்க.

வாழப்பாடி அக்கா
ஆமா ஆமா, எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு, ரவுண்டிங்க்கு தனியா மறுபடி எழுதுனோம்.

தம்பி நம்ம மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை போங்க, அப்பீல் லெட்டர் எழுத, முகவரி, யாருக்கு காப்பி போடணும்னு அங்க சொல்லுவாங்க, காசு கிடையாது. திங்கக்கிழமை போகாதீங்க, கூட்டமா இருக்கும். டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினல் கொண்டு போங்க, ஆனா குடுத்துட்டு வந்துடாதீங்க.

சங்ககிரி ட்ரக்
எங்க மாமா 2010ல வாங்க ஆரம்பிச்சார், இன்னும் மறுபடி மெடிக்கல் போர்டுக்கு கூப்பிடுவாங்களோன்னு வருஷா வருஷம் பயப்படறார். உண்மையா?

நர்சிங் அசிஸ்டன்ட் ஓய்வு
பெர்மனென்ட்னு போட்டிருந்தா கூப்பிட மாட்டாங்க. 2001க்கு அப்புறம் அந்த அவ்வப்போது மறு போர்டு பழக்கத்த எடுத்துட்டாங்க, அது ஆயுசுக்கும். அவரா கேட்டாதான் போர்டு. நவம்பர்ல லைப் சர்டிபிகேட் மட்டும் விடாம குடுக்கச் சொல்லுங்க, அதை விட்டா முழு பென்ஷனும் நின்னுடும், அதுதான் நெஜ பயம்.

ஓமலூரான்
சரிங்க, காயம் பட்டவங்களுக்கு வேணாம்னு நான் சொல்லல. வியாதி விஷயத்துல மட்டும் என் கருத்து மாறல. ஏற்காட்டு அண்ணனுக்கு கிடைக்கணும், அது நியாயம்.

காப்பித்தோட்டம்85
அப்டேட் போடறேன். அண்ணன்கிட்ட வக்கீல் சார் சொன்ன மூணு வருஷ கணக்க சொன்னேன், "என் காச யாருக்குடா விடறது"ன்னு கண்ணாடிய தேடி எடுத்து உக்காந்துட்டார். ஆர்டிஐ அவர் பேர்லயே போட்டாச்சு. பட்டாலியனுக்கு ஸ்பீட் போஸ்ட் போயிருக்கு. பேட்ச்மேட் ஒருத்தர் தர்மபுரில, இன்னொருத்தர் கேரளா பாலக்காடு, ரெண்டு பேருமே அன்னைக்கு பேட்ரோல்ல இருந்தவங்க, அபிடவிட் குடுக்க ரெடி. பாலக்காட்டுக்காரர் போன்ல அண்ணன்கிட்ட "உன்ன நாங்க நாலு பேர் கம்பளில கட்டி தூக்குனோம், அது கூடவா பொய்ன்னு எழுதிட்டாங்க"ன்னு கத்துனது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டுச்சு, அண்ணனுக்கு காது மந்தம்னு ஸ்பீக்கர்ல வேற போட்டிருந்தோம்.

ஒரு சந்தேகம் மட்டும். ஆர்டிஐ பதில் வர்ற வரைக்கும் காத்திருந்து அப்பீல் போடணுமா, இல்ல இப்பவே போட்டுடலாமா?

சட்டப்புள்ளி
இப்பவே போடுங்க. கைல இருக்கற ஏஎஃப்எம்எஸ்எஃப் 15 காப்பி வெச்சு, "மத்த ஆவணங்கள் ஆர்டிஐல கேட்டிருக்கேன், வந்ததும் சேர்க்கறேன்"னு ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க. லேட் ஆனதுக்கு காரணம் எழுதறப்போ கதை கட்டாதீங்க, லெட்டர் இங்லீஷ்ல வந்துச்சு, அப்பீல் உரிமை பத்தி யாரும் விளக்கல, மலை கிராமம், உண்மை என்னவோ அதையே எழுதுங்க. ஸ்பீட் போஸ்ட் ரசீத அப்பீல் காப்பியோட சேர்த்து பின் பண்ணி வைங்க, ஆறு மாசக் கணக்கு ஆரம்பிக்கறது அந்த அப்பீல்ல இருந்துதான், போட்டதுக்கு சாட்சி அந்த ரசீதுதான்.

ஆத்தூர் ஹவில்தார்
தம்பி, அதுல வார் இன்ஜுரியும் கேட்டு ஒரு பாரா சேருங்க. வக்கீல் சார் மாற்றுக் கோரிக்கைனாரே, அப்படியாவது.

சட்டப்புள்ளி
சேர்க்கலாம். முதல்ல ஈ, ரெண்டாவது சி. ஹவில்தார் சாப் விட மாட்டார் போல.